மரகதத்தின் 'ம்'

காதுக்குள் பொருத்திய கருவிதான் பூங்கோதைக்கு எல்லாம் சொல்லும். எதிரில் இருப்பவரின் துக்கத்தை அளந்து, எங்கே 'ம்' கொட்ட வேண்டும், அதை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று முணுமுணுக்கும். மனநல ஆலோசகர்கள் யாரும் இப்போது அது இல்லாமல் உட்காருவதில்லை.

மனைவியை இழந்த சிவஞானம் முதல் மாதம் முழுக்க வாயே திறக்கவில்லை. கருவி விதவிதமான 'ம்'களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. ஒன்று மட்டும் பலித்தது. லேசாகக் கரகரத்து, கடைசியில் மேலே ஏறும் 'ம்'. அதைக் கேட்டதும் மனிதர் பேசத் தொடங்கினார். அப்புறம் கருவி பூங்கோதையிடம் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டு வாங்கியது.

இன்று, கண்ணை மூடியபடி பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எங்க மரகதம் இப்படித்தானுங்க 'ம்' கொட்டுவா. அதுக்குத்தான் கண்ணை மூடிக்கறேன்."

கருவி சொன்னபடி பூங்கோதை "ம்" என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றி வைத்தாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் நிறைமதி போனில் கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ண உன்கிட்ட சொல்லணும்."

"ம்."

மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

"யாருங்க பேசறது? அம்மாகிட்ட போனைக் குடுங்க."

'நான்தான் கண்ணு' என்று சொல்லத்தான் பூங்கோதை வாயைத் திறந்தாள். லேசாகக் கரகரத்து, கடைசியில் மேலே ஏறி, ஒரு 'ம்' வந்தது.

மகள் போனை வைத்துவிட்டாள்.