மதிய வகுப்பே போதும்

“எனக்கு மதிய வகுப்பே போதும்ப்பா.”

மகள் இப்படிச் சொன்னதும் வாட்ச்மேன் பிசைந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அவர் வேலை பார்க்கிற கல்லூரியிலேயே அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. காலை வகுப்பு, மதிய வகுப்பு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்கோ காலையிலிருந்து மதியம் வரை வாசலில் டூட்டி. மகளை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகவேண்டும், தான் காவல் காக்கிற வாசல் வழியாக அவள் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போவதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அவளுக்கென்று ஒரு ஹெல்மெட்கூட வாங்கி வைத்துவிட்டார்.

“காலையிலன்னா என்கூடவே வந்துடலாமேம்மா?”

“காலையில சீக்கிரம் எழுந்திருக்க முடியாதுப்பா.”

கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து படித்துப் பழகிய பெண் அவள். அது வெறும் சாக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அம்மா லேசில் விடவில்லை. மதிய வகுப்பு முடிந்து, நெரிசலில் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும் என்று சொல்லிப் பார்த்தாள். பழகிவிடும் என்றாள் மகள். அதற்கப்புறம்தான் அம்மா அந்த வார்த்தையை விட்டாள்.

“எதுக்குச் சுத்தி வளைக்கிற? கூடப் படிக்கிறவங்ககிட்ட இவர்தான் எங்கப்பான்னு காட்டிக்க வெக்கமா இருக்கு. அதானே?”

மகள் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“விடு, வயசு அப்படி” என்று மனைவியைச் சமாதானப்படுத்தினார் வாட்ச்மேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் ஆள் இல்லை.

வகுப்புகள் தொடங்கின. மகளுக்குத் தன்னால் சங்கடம் வேண்டாமென்று, மதியம் வேலை முடிந்ததும் பின்பக்க வழியாகவே மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அவள் கல்லூரிக்குள் நுழைவதை ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. வீட்டிலும் சாப்பிட்டாயா, படித்தாயா என்கிற அளவோடு பேச்சு நின்றுபோனது.

ஒரு நாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பெண் எப்படிப் படிக்கிறாள் என்று, வாட்ச்மேன்களுக்கு டூட்டி போடுகிற சூப்பர்வைசர் சாதாரணமாகத்தான் கேட்டார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாட்ச்மேனுக்கு வாய்வரை வந்துவிட்டது.

“நல்லாப் படிக்கிறா சார். என்ன, இந்த யூனிபாரத்தைப் பார்த்தாத்தான் அவளுக்குக் கூச்சம். நான் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்துக்கிட்டா.”

சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அண்ணே, உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கு. ஆனா இதைக் கேட்ட பிறகு என்னால சும்மா இருக்க முடியாது.”

பிறகு அவர் விவரமாகச் சொன்னார். வாசல் காக்கிறவரின் பிள்ளை, அவருடைய டூட்டி நேரத்திலேயே படிக்கக் கூடாது என்று கல்லூரியில், வாட்ச்மேனுக்கே தெரியாத ஒரு பழைய விதி. பிள்ளை தாமதமாக வந்தால் தகப்பன் கண்டும் காணாமல் உள்ளே விட்டுவிடுவான் என்று யாரோ எப்போதோ போட்டது. அவள் முதலில் காலை வகுப்பு கேட்டுத்தான் வந்தாளாம். அப்படியென்றால் அப்பாவை மாற்றவேண்டியிருக்கும், ராத்திரி டூட்டி மட்டும்தான் காலியாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லி முடிப்பதற்குள், மதியமே போதும் என்றுவிட்டாளாம்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“சொன்னா, ராத்திரிக்கே போறேன்னு நீங்க வந்து நிப்பீங்களாம். எங்கப்பாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது சார்னு சொல்லுச்சு.”

அன்று மதியம் வாட்ச்மேன் பின்பக்கம் போகவில்லை. டூட்டி முடிந்தும் யூனிபாரத்தோடு முன்வாசலிலேயே நின்றார்.

மகள் தோழிகளோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“எங்கப்பாடி. இங்கதான் வேலை பார்க்கறார்னு சொல்வேன்ல, இவர்தான்” என்று இழுத்து வந்து காட்டினாள். அவர்கள் சிரித்து வணக்கம் சொன்னார்கள். அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அப்பா பக்கத்தில் வந்து நின்றாள்.

பெற்ற பெண்ணுக்கு எந்த வாயால் நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சூப்பர்வைசர் எல்லாத்தையும் சொல்லிட்டார்மா. அம்மா பேசினதையும் வாங்கிக்கிட்டு, எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கியே. ராத்திரி டூட்டி என்னம்மா பெரிய மலையா? ஊர்ல எத்தனை பேர் பார்க்கறாங்க, நான் பார்த்திருக்க மாட்டேனா?”

மகள் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இருட்டினா உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. அம்மாகிட்டகூட.”