இரவல் ஆட்டக்காரன்

யுத்தம் வந்ததிலிருந்து இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில், எதிரணிக்கு ஆள் குறைந்தால் ஒருவரை இரவல் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் மேனேஜர் ஹெடில் கொடுத்தது தன் அணியின் சிறந்த ஆட்டக்காரன் வில்ஃப்ரெடை. அவனும் இரண்டு கோல் போட்டு எதிரணியை ஜெயிக்க வைத்துவிட்டான்.

கிளப் தலைவர் புராக்டர் கொதித்தார். "ரிசர்வ்ல சும்மா உக்காந்திருக்கிறவன் எவனையாச்சும் அனுப்பியிருக்கலாமேய்யா?"

"அதான் சார் நெனச்சேன். இவன்தான் நான் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னான்."

"அவங்க மேல இவனுக்கு அப்படி என்ன அக்கறை?"

ஆட்டம் முடிந்தும் எதிரணியின் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த வில்ஃப்ரெடை ஹெடில் பார்த்தார்.

"நேவிலேர்ந்து லீவுல வந்து இன்னிக்கு அவங்களுக்கு ஆட வேண்டியவன் இவன் தம்பி சார். அவன் இருந்த கப்பல் முழுகிடுச்சுன்னு காலைலதான் தந்தி வந்துச்சு. தம்பி சட்டையை வேற எவனும் போடக் கூடாதுன்னான்."