பாஸ் ஓவர்

கோர்ட் டவாலி வழக்கின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள்.

முதல் வரிசையில் சீனியரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் இல்லாதபோதும் அவள் அதில் உட்காருவதில்லை. அதற்குப் பின்னால் நின்று பேசுவாள்.

பேசுவாள் என்றால், ஒரே வாக்கியம்தான்.

"சீனியர் வேற கோர்ட்ல இருக்காங்க. பாஸ் ஓவர் ப்ளீஸ்."

உடனே அந்த வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததைக் கூப்பிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் இதைக் கூப்பிடுவார்கள். அதற்குள் சீனியர் வந்துவிடுவார். கேஸ் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் பின்னால் நகர்ந்துகொள்வாள்.

வக்கீலாகி மூன்று வருடம். அந்த வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். ஜலதோஷத்தோடு சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு மறுநாள் பாதித் தூக்கத்திலும் சொல்லியிருக்கிறாள்.

வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பா, குளிப்பதற்கு முன்னாலேயே கேட்பார்.

"இன்னைக்குக் கோர்ட்ல பேசுனியா தாயி?"

"பேசுனேம்ப்பா."

பொய் இல்லை.

ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இன்றைய மனு அவள் எழுதியது. பவுனம்மாளின் வீட்டுக்குப் போகும் பாதையை மறித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்புகிறார். நிறுத்தச் சொல்ல வேண்டும். அவளே போய் அந்தப் பாதையில் நடந்து பார்த்தாள். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது.

என்ன பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். டவுன் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துக் காலை ஒதுக்கிக்கொள்வார்கள்.

நீதிபதி புதிதாக மாற்றலாகி வந்தவர். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"சீனியர் வரும்போது வரட்டும்மா. கட்டு உங்க கையிலதானே இருக்கு? நீங்களே பேசுங்களேன். ரெடியா?"

மூன்று வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி.

"பாஸ் ஓவர் ப்ளீஸ்."

வாய் முந்திக்கொண்டுவிட்டது.

நீதிபதி அவளை ஒரு கணம் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். டவாலி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பின்வரிசையிலிருந்து பவுனம்மாள் மெல்ல வந்து காதருகே குனிந்தார்.

"ஏம்மா, நீங்களே பேசியிருக்கலாம்ல? வந்து பாத்தது நீங்கதான?"

அவள் கட்டின் கயிற்றை இன்னும் இறுக்கி முடிந்தாள்.

வேறு வழக்குகள் ஓடின. ஜீவனாம்சம். வாடகை பாக்கி. ஒரு கிணற்றுத் தகராறு. அவளைவிட இளையவர்கள் எழுந்து பேசினார்கள். சீனியரின் அக்கா மகனும் ஒரு மனுவில் பேசினான். நன்றாகத்தான் பேசினான். சோற்றைப் பிசையும்போதே சட்டம் பேசுகிற வீட்டில் வளர்ந்தவன். அவள் வீட்டில் சாப்பிடும்போது வெங்காய விலை பேசுவார்கள்.

சீனியர் மேல் கோபம் இல்லை. நல்ல மனிதர். யாரையும் தெரியாமல் வந்து நின்றவளுக்கு ஆபீசில் இடம் கொடுத்தவர். அவளுக்கும் பேச ஆசை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

அவளும் கேட்டதில்லை.

இப்போது அவள் வேண்டிக்கொண்டாள். சீனியர் இருக்கும் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் விடாமல் இழுக்கட்டும். சாட்சி இன்னும் கொஞ்சம் உளறட்டும். கடவுளே, இன்றைக்கு மட்டும் அவர் வராமல் இருக்கட்டும்.

வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டாள். மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

டவாலி மறுபடியும் அவள் வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் பாதிதான் எழுந்தார். இவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. சீனியரின் ஷூ. வாசலிலிருந்து வேகமாக வந்தது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

கட்டை நீட்ட அவள் கை தானாகவே எழுந்தது.

பாதி வழியில் அதை நிறுத்தினாள்.

கட்டை மேசைமேல் வைத்தாள். கயிற்றின் முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்த்தாள்.

"ரெடி, யுவர் ஆனர்."

அது தன் குரல்தானா என்று இருந்தது அவளுக்கு.

நீதிபதி அவள் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த ஷூச் சத்தம் மெல்லப் பின்னால் போனது.

பிறகு பின்வரிசையில், ஜூனியர்கள் உட்காரும் பக்கத்தில், ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பேசினாள்.