ம் கொட்டிய கம்பி

பாலத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்தரங்களான கர்டர்களை வார்க்கும் யார்டில், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பு கம்பிகளை ஜாக்கி வைத்து விறைப்பாக இழுப்பது மாசானத்தின் வேலை. இழுத்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, கண்ணை மூடிக்கொண்டு காதை வைப்பான். இழுவை சரியென்று மீட்டர் காட்டினாலும் காதால் கேட்டால்தான் அவனுக்குத் திருப்தி. வார்த்த கர்டர்கள் காய்ந்து வெடிக்காமலிருக்கச் சாக்கால் போர்த்தித் தண்ணீர் விடுவது அவன் மனைவி உலகம்மாளின் வேலை.

"நான் பேசுனா டிவி சத்தத்தைக் கூட்டுதீய. அந்த இரும்பு முனகுனா மட்டும் கண்ணு சொக்குதோ?" என்பாள். அதையும் அவன் காதில் வாங்கமாட்டான்.

ஒருநாள் அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது அவளும் சுண்டிக் கேட்டாள். வெறும் 'ம்' தான். அந்த 'ம்' கூட அவள் பேச்சுக்கு அவன் கொட்டியதில்லை. திரும்பி வந்தவன் அதே கம்பியைக் கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்தான்.

அன்று அந்தக் கம்பியின் மேல் கான்கிரீட் கொட்டினார்கள். அடுத்து வந்த நாட்களில் மற்ற கர்டர்களை எல்லாம் நனைத்த உலகம்மாள், அந்தக் கம்பி புதைந்த கர்டருக்கு மட்டும் தண்ணீர் விடவில்லை. வெயில் கொளுத்தியது.

மாசானம் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். மொடமொடவென்று காய்ந்திருந்தது. அடியில் மயிரிழையாக ஒரு வெடிப்பு.

"இதுக்கு ஏம்ளா தண்ணி விடல?"

அவள் தண்ணீர்க் குழாயை அடுத்த கர்டருக்குத் திருப்பினாள். அவன் கத்தவில்லை. கண்ணை மூடி, கம்பியிடம் சாய்வதுபோலவே தலையைச் சாய்த்து, அவள் வாயருகே காதைக் கொண்டுவந்தான்.

"சொல்லுளா."

சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் கவனித்தாள். அவன் கை கர்டரின் மேலேயே கிடந்து, அந்த வெடிப்பைத் தடவிக்கொண்டிருந்தது.