நான்காம் எண் இடம்

"அம்மா, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கிறீங்களா? என் சிநேகிதன் வண்டியை இங்கதான் நிறுத்தணும்."

"முடியாது" என்றாள் அந்தக் கிழவி. கையிலிருந்த புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேட்டவன் பெயர் பிரென்ட். அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆற்றோர முகாமில் நான்காம் எண் இடம் காலையிலிருந்து காலியாகக் கிடக்கிறது. அதன் நட்டநடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, அகலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள் அவள். பக்கத்தில், மூன்றாம் எண்ணில், பிரென்ட்டின் கூடாரம். பெர்த் நகரத்திலிருந்து மனைவி, பிள்ளைகளோடு நேற்று மதியமே வந்து இறங்கிவிட்டான். நண்பன் லாக்கியும் பக்கத்திலேயே தங்கினால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆற்றில் கிடக்கும். பெரியவர்கள் இறைச்சி வாட்டிக்கொண்டு பீர் குடிக்கலாம்.

"இது உங்க இடமா?"

"இல்ல. லின்ட்குவிஸ்ட்னு கம்பத்துல பேர் இருக்கு பாரு."

"பேர் இருக்கு, ஆளைக் காணோமே. இப்பல்லாம் ஆன்லைன்ல பதிவு பண்ற பாதிப் பேர் வர்றதே இல்லம்மா. வராதவங்க இடத்துல வந்தவங்க தங்கிக்கிறது இங்க சகஜம்."

"வராதவங்க வேற, இன்னும் வந்து சேராதவங்க வேற."

"எதுலதான் வர்றாங்க, ஒட்டகத்துலயா?"

"மோட்டார்ஹோம்ல. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாத்தையும் முதுகுல சுமந்துகிட்டு, ரெண்டே சக்கரம் இழுக்குற வண்டி. அந்தச் சரளை ரோட்டுல உன் ஃபோர்வீல் டிரைவ் மாதிரி பறக்க முடியாது. கொஞ்சம் அழுத்தினா அலமாரி திறந்து தட்டெல்லாம் தரையில கிடக்கும்."

"அப்ப தார் ரோடு இருக்கிற ஊர்லயே தங்க வேண்டியதுதானே? எதுக்கு இந்தக் காட்டுக்கு வரணும்?"

அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"இந்தக் காட்டுல உன் வண்டிக்கு எல்லா கேம்ப்பும் திறந்து கிடக்கு. பள்ளத்தாக்குல இறங்கலாம், மணல்மேட்டுல ஏறலாம். அந்த வண்டி வந்து சேரக்கூடிய கேம்ப் இது ஒண்ணுதான். மழைக்காலம் பூரா சாப்பாட்டு மேசையில மேப்பை விரிச்சு வச்சு, இது ஆகாது, இது ஆகாதுன்னு தள்ளித் தள்ளி, கடைசியா இதுல விரலை வச்சிருப்பாங்க. நீ ஊருக்கே போன்னு சொல்ற."

பிரென்ட் குரலைத் தணித்தான். "வர்றது உங்க வீட்டுக்காரரா?"

அவள் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

"இங்க போன்ல சிக்னலும் கிடையாது. வர்றாங்கன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தெரியும்" என்று பக்கத்தைத் திருப்பினாள்.

அதற்குள் லாக்கியின் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலை நீண்டது. "என்னடா பிரென்ட், ஒரு பாட்டிகிட்ட தோத்துட்டியா?"

"இன்னும் இல்ல, தோத்துக்கிட்டு இருக்கான்" என்றாள் அவள்.

லாக்கி சிரித்துக்கொண்டே வண்டியை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தினான். முன் கம்பி அவள் முழங்காலுக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. இயந்திரச் சூட்டில் தொப்பியின் விளிம்பு படபடத்தது. அவள் காலைக்கூட மடக்கவில்லை.

சத்தம் கேட்டு வனக்காவலர் தான்யா வந்துவிட்டாள். சங்கடமாக நெற்றியைத் தேய்த்தாள். "இருட்டுறதுக்குள்ள வரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கலாம்னு விதி இருக்கும்மா."

"இருட்டிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப விதியைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லு. இருட்டினாலும் என்னைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் வண்டியை விடணும். உங்க மூணு பேர்ல யாருக்கு இடுப்பு நல்லா இருக்கு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாக்கி இயந்திரத்தை அணைத்தான்.

செம்மண் குன்றுகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. வெள்ளைக் கிளிகள் கூச்சலோடு ஆற்று மரங்களில் அடைந்தன. புத்தகத்தில் எழுத்து தெரியாத அளவுக்கு வெளிச்சம் குறைந்த பிறகும் அவள் புத்தகத்தை மூடவில்லை.

அப்போது வளைவில் இரண்டு மங்கிய விளக்குகள் தெரிந்தன. மேலெல்லாம் செந்தூசி அப்பிய ஒரு மோட்டார்ஹோம், உள்ளே பாத்திரங்கள் கலகலக்க, நத்தைபோல ஊர்ந்து வந்தது. ஓட்டிவந்த கிழவர் இறங்கி முதுகை நிமிர்த்தினார். அவர் மனைவி எண் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "இருக்கு ஆன்டன், நம்ம இடம் இருக்கு" என்றாள்.

தொப்பிக் கிழவி எழுந்து நாற்காலியை மடக்கினாள். கட்டித் தழுவிக்கொள்வார்கள் என்று பிரென்ட் எதிர்பார்த்தான். கிழவர் தயங்கித் தயங்கிக் கை நீட்டினார்.

"எங்களுக்காக இடம் பிடிச்சு வச்சிருந்தீங்களா? ரொம்ப நன்றி. நாம இதுக்கு முன்னாடி சந்திச்சிருக்கோமா?"

"இல்லையே. என் பேரு மேவிஸ். முதல்ல டீ போட்டுக் குடிங்க."

அவள் பாட்டுக்கு நடந்தாள். பிரென்ட் ஓடிப்போய் அவள் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டான். கழிப்பறைச் சுவரை ஒட்டி, நாற்றத்துக்கு நடுவே, அதே போலச் செந்தூசி படிந்த ஒரு பழைய மோட்டார்ஹோம் நின்றது. அதன் கதவைத் திறந்தாள்.

"முன்பின் தெரியாதவங்களுக்காகவா இவ்வளவு நேரம் மல்லுக்கு நின்னீங்க?"

மேவிஸ் படியில் ஏறி நின்று திரும்பினாள். ஆற்றோரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்த அவன் கூடாரத்தைப் பார்த்தாள்.

"நேத்து நானும் இப்படித்தான் லேட்டா வந்து சேர்ந்தேன். என் இடத்துல உன் பிள்ளைங்க தூங்கிட்டு இருந்தாங்க. எழுப்ப மனசு வரல, தம்பி."