பாறைத்தீவுக்கு வந்த கம்பு

ஒரு பாறைத் தீவில் அத்திமரங்கள் உண்டு, தானியம் மட்டும் விளையாது. அக்கரையிலிருந்து கூழைக்கடா தன் அலகுப் பையில் கம்பு கொண்டுவந்து குவிக்கும். தீவுப் பறவைகள் அத்திப்பழம் கொடுத்து வாங்கிக்கொள்ளும்.

ஒருநாள் குஞ்சுகளுக்கு இரை தேடிய தாய் மைனா, வழக்கம்போல ஒரு கொத்துப் பழத்தோடு போய் நின்றது. கூழைக்கடா பாதிக் கம்புதான் கொடுத்தது.

"மிச்சம் எங்கே அண்ணே?"

"அக்கரையிலே யானைங்க சண்டை போட்டு வயலை மிதிச்சிடுச்சு. கம்பு விலை ஏறிப்போச்சு, தாயி."

"அப்போ அத்திப்பழ விலையும் ஏறியிருக்கணுமே?"

"அது எப்படி ஏறும்? அது பழைய விலைதான்."

மைனாவுக்குச் சுருக்கென்றது. "சரி, குவியல்லே மீதி இருக்கிறது யாருக்கு?"

"அடுத்த தீவு மயில்களுக்கு. அங்கே களஞ்சியம் நிறைஞ்சுதான் கிடக்கு. இன்னும் விலை ஏறும்னு வாங்கி அடுக்குதுங்க."

"என் குஞ்சுங்க காலையிலேருந்து வாயைத் திறந்துகிட்டுக் கிடக்குதுங்க. நிறைஞ்ச களஞ்சியத்துக்கா இது போகுது?" என்று கத்திக்கொண்டே மைனா குவியலின்மேல் ஏறி, சிறகை விரித்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த சிட்டுகளும் புறாக்களும் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தன.

கூழைக்கடா பதறியது. "இது அநியாயம்!"

"ஓ, அந்தச் சொல் உங்களுக்கும் தெரியுமா அண்ணே?" என்றது மைனா. இடத்தைவிட்டு அது அசையவில்லை.