தினம் ஐந்து நிமிஷம்

"மாப்பிள்ளை, சாப்பிட்டியா? பசங்க சௌக்கியமா?"

போனில் தேனாக ஒழுகிக்கொண்டிருந்த விவசாயியின் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. எதிர்முனையில் இருந்த மனைவியின் தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். மருந்தடிக்கும் மெஷினை இரவல் வாங்கிப்போய் உடைத்துவிட்டான் என்பது இவர் கட்சி. கொடுக்கும்போதே அது ஓட்டை என்பது அவன் கட்சி.

ஐந்தாவது நிமிஷம் முடிந்ததும், "சரிப்பா, வெச்சிடறேன்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் விதைக்காகத்தான். மழைக்கு முன்னால் விதைக்காவிட்டால் வருஷம் முழுக்க வீட்டில் அடுப்பு எரியாது, கையிலோ காசில்லை. போனிலேயே கடன் கொடுக்கிறார்கள் என்று மனைவிதான் விண்ணப்பம் போட்டாள். எழுத்து பொடியாக இருந்ததால் விதிகளையும் அவளே படித்துச் சொன்னாள்.

"சொந்தக்காரங்களோட தினம் அஞ்சு நிமிஷம் பேசுறவங்களுக்கு மார்க் போடுவாங்களாம். மார்க் இருந்தாதான் கடனாம்."

"எங்க அண்ணன்கிட்ட தினம் பேசுறேனே!"

"அது செல்லாதாம். ரொம்ப நாளா பேசாத நம்பருக்குத்தான் மார்க்காம்."

"கடன் கேட்டா கழுத்தை அறுக்குறானுங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு மைத்துனன் நம்பரைத் தட்டினார்.

முதல் நாள் இருவரும் வெயிலைப் பற்றியே மூன்று தடவை பேசினார்கள். நான்காம் நாள் பூச்சித் தொல்லை. ஏழாம் நாள் மைத்துனன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு இவர் வயிறு வலிக்கச் சிரித்தார். ஒன்பதாம் நாள் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்து, நாற்பது நிமிஷம் பேசினார்.

பத்தாம் நாள், கைரேகை வைக்க வரச்சொல்லித் தகவல் வந்தது. சேவை மையத்தில் போய் நின்றால், வரிசையில் முன்னால் மைத்துனன்! அவனுக்கும் விதைக்கடன்தானாம். இருவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டார்கள்.

மைத்துனன் வேலை முடிந்ததும் இவர் விரலை வைத்தார். "ரெண்டு பேருக்கும் பணம் ஏறிடுச்சு. நேரா விதைக்கடைக்குப் போங்க" என்றாள் மையத்துப் பெண். விவசாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பின்னே? பத்து நாள் விடாம போன்ல பேசியிருக்கேனேம்மா. மார்க் சும்மாவா வரும்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். "என்ன மார்க்? போன தடவை தானியம் வித்தீங்கல்ல, அந்த ரசீதைப் பாத்துக் கொடுக்குறோம். நீங்க யாரோட பேசினா எங்களுக்கு என்ன?"

"அப்ப அந்த அஞ்சு நிமிஷம்?" என்றார்கள் மாமனும் மைத்துனனும் ஒரே மூச்சில்.

விவசாயி மெல்லத் திரும்பினார். "டேய், உனக்கு யாருடா சொன்னது?"

"அக்காதான் மாமா."